கண்ணெதிரே வீழ்ந்த விண்ணிரும்பு: புறமுகத்தின் இயல்பும் மூப்பும்

1. பொருளும் எல்லையும்

விண்வெளியில் திரிந்த திண்பொருள் ஒன்று காற்றுமண்டலத்தைக் கடந்து, முழுதும் அழியாமல் தரை சேர்ந்தால் அது விண்வீழ்கல். அது பெரும்பாலும் நிக்கல் கலந்த இரும்பாக இருக்குமானால் விண்ணிரும்பு என்போம். விழும்போதே மக்கள் கண்டு, நாளும் இடமும் ஐயமற நிறுவப்பட்டது கண்கூடு வீழ்வு. எப்போது விழுந்தது என்று தெரியாமல் பிற்காலத்தில் நிலத்திலிருந்து எடுக்கப்பட்டது கண்டெடுப்பு. இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள் கண்கூடாக வீழ்ந்த விண்ணிரும்பின் புறமுகம். புறமுகம் என்ற சொல்லால், காற்றோடு உராய்ந்த மேற்பரப்பையும் அதன் அடியில் வெப்பத்தால் மாறுதலடைந்த சில மில்லிமீட்டர் உலோகத்தையும் ஒருசேரக் குறிக்கிறோம்.

கண்டெடுப்புகளை விலக்கிவிட்டுக் கண்கூடு வீழ்வுகளை மட்டும் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் துரு. நிலத்தில் நூற்றாண்டுகள் கிடந்த இரும்பு தன் மேற்பரப்பை இழந்துவிடுகிறது. அதில் இன்று காணும் பள்ளம் வானில் உண்டானதா, மண்ணீரால் அரிக்கப்பட்டதா என்று பிரித்தறிவது கடினம். டென்மார்க்கின் உலோகவியலாளர் வாகன் புக்வால்ட் 1975இல் வெளியிட்ட மூன்று தொகுதி விண்ணிரும்புக் கையேட்டில், வெப்பம் தாக்கிய விளிம்பு ஒரு துண்டில் எவ்வளவு மீந்திருக்கிறது என்பதைக் கொண்டே துரு எத்தனை மில்லிமீட்டரைத் தின்றது என மதிப்பிட்டார். அந்த மதிப்பீட்டுக்கும் அடிப்படையாக நிற்பவை, துருவே காணாத கண்கூடு வீழ்வுகள்தாம்.

இவை அரியவை. விழக் கண்டு எடுக்கப்பட்ட விண்வீழ்கற்களில் இரும்பு நூற்றுக்கு ஐந்தைத் தாண்டாது. 1751 மே 26 அன்று குரோவேசியாவின் ஹ்ரஷ்சினாவில் விழுந்த இரும்பு, 1847இல் பொகீமியாவின் பிரவுனாவில் விழுந்தது, 1886 மார்ச் 27 அன்று அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் கேபின் கிரீக் என்னுமிடத்தில் விழுந்தது ஆகியவை பெயர் பெற்றவை. அன்றைய சென்னை மாகாணத்தின் வடகோடியில், விசாகப்பட்டினம் மாவட்டத்து நெடகொல்லாவில் 1870இல் விழுந்ததும் இரும்பே. இந்தியாவில் இதற்கும் முந்திய பதிவு பேரரசர் ஜகாங்கீரின் நினைவுக் குறிப்புகளில் உள்ளது. 1621இல் ஜலந்தர்ப் பகுதியில் விழுந்த இரும்பைத் தோண்டி எடுத்துவந்து, அதில் மூன்று பங்கோடு சாதாரண இரும்பு ஒரு பங்கு சேர்த்து வாளும் கத்தியும் அடிக்கச் செய்தார் அவர். உலை அந்த இரும்பின் புறமுகத்தை முற்றாக அழித்துவிட்டது. எழுத்து மட்டும் மிஞ்சி, பொருள் பேசாமற்போன அந்த இழப்பு இத்துறையில் உழைப்பவர்க்கு இன்றும் வருத்தம் தருவது.

நாம் நிறுவ முயல்வது இது: விண்ணிரும்புத் துண்டு ஒன்றின் புறமுகம் ஒரே கணத்தில் உருவானது அன்று. அதன் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி மூப்பு உண்டு. அந்த மூப்பு நொடிக் கணக்கில் அளக்கத்தக்கதே ஆயினும், முகத்திலுள்ள குறிகளைக் கொண்டே எது முந்தியது, எது பிந்தியது என்று வரிசைப்படுத்த இயலும்.

2. சான்றாக எடுத்துக்கொண்ட வீழ்வு

இக்கூற்றைச் சோதிக்கப் போதுமான எண்ணிக்கையில் துண்டுகளைத் தந்த வீழ்வு சிகோத்தே-அலீன். 1947 பிப்ரவரி 12 அன்று காலை சுமார் பத்தரை மணிக்கு, சோவியத் நாட்டின் தூரகிழக்கில், விளாடிவஸ்தோக் நகருக்கு வடகிழக்கே ஏறக்குறைய 440 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிகோத்தே-அலீன் மலைத்தொடரின் பனிக்காட்டில் அது விழுந்தது. வடக்கிலிருந்து தெற்கு நோக்கிப் பாய்ந்த தீக்கோளம் ஞாயிற்றையும் விஞ்சி ஒளிர்ந்தது என்று கண்டவர்கள் கூறினர். ஒளியும் இடிமுழக்கமும் 300 கிலோமீட்டர் தொலைவுக்கு எட்டின. பின்னே எஞ்சிய புகைத்தாரை, நீளம் 32 கிலோமீட்டர் என மதிக்கப்பட்டது, பல மணி நேரம் கலையாமல் நின்றது. அவ்வேளையில் இமான் நகரில் ஓவியம் தீட்ட அமர்ந்திருந்த மெத்வேதெவ் என்ற ஓவியர் தாம் கண்டதை உடனே வரைந்து வைத்தார். பத்தாண்டு நிறைவையொட்டி 1957இல் சோவியத் அஞ்சல்துறை அவ்வோவியத்தைத் தபால்தலையாக வெளியிட்டது.

காட்டின் மேல் பறந்த விமானிகள், வெண்பனியில் புதிதாகத் தோன்றியிருந்த குழிகளைக் கண்டு இடத்தை அறிவித்தனர். அறிவியல் கழகத்தின் விண்வீழ்கற் குழுவுக்குத் தலைவராயிருந்த ஃபெசென்கோவும், அக்குழுவின் கிரினோவும் இவ்வீழ்வின் ஆய்வை நடத்தியவர்களுள் முதன்மையானவர்கள். நீள்வட்டமாகப் பரந்த ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்பில் நூற்றுக்கு மேற்பட்ட குழிகள் கணக்கிடப்பட்டன. மிகப் பெரியதன் விட்டம் சுமார் 26 மீட்டர், ஆழம் 6 மீட்டர். எடுக்கப்பட்ட துண்டுகளுள் மிகப் பெரியது 1,745 கிலோகிராம். மொத்தமாகத் திரட்டப்பட்ட இரும்பு இருபது டன்னுக்கும் மேல். பாயும் திசையில் முன்னே, அதாவது தெற்கே, பெருந்துண்டுகளும் பின்னே சிறுதுண்டுகளுமாக அவை பிரிந்து கிடந்தன. எடைமிக்கதைக் காற்று குறைவாகவே தடுத்து நிறுத்தும் என்ற விதியைத் தரையே வரைந்து காட்டியது போல் அப்பரவல் அமைந்தது.

கிடைத்தவை இரு பெரும் பிரிவாக விழுகின்றன. முதலாவது தனித்துண்டு: வானிலேயே பிரிந்து, தனித்துப் பறந்து, எல்லாப் பக்கமும் உருகிய தோல் போர்த்து வந்தது. இரண்டாவது கிழிசில்: பெருந்துண்டு தரையில் மோதியபோது கிழிந்து சிதறியது. இவ்விரண்டையும் பிரித்துணராமல் புறமுக ஆய்வில் ஓரடியும் வைக்க முடியாது.

3. உலோகமும் அகக்கட்டும்

புறத்தை அறிய அகத்தைச் சிறிது சொல்ல வேண்டும். சிகோத்தே-அலீன் இரும்பில் நிக்கல் எடையில் ஏறத்தாழ 6 சதவீதம். கோபால்ட்டும் பாஸ்பரசும் தனித்தனியே அரை சதவீதத்தை ஒட்டியவை. கந்தகம் சுமார் 0.3 சதவீதம், எஞ்சியது இரும்பு. நிக்கல் இவ்வளவு குறைந்திருப்பதால், அது முதலில் உருவான, மெல்லக் குளிர்ந்த தாய்க்கோளுக்குள் உலோகம் ஏறக்குறைய முழுவதும் காமசைட்டு என்னும் நிக்கல் குறைந்த படிகமாக மாறிவிட்டது. அப்படிகங்கள் மிகப் பருமனானவை. பட்டைகளின் அகலம் சென்டிமீட்டர் அளவை எட்டும். படிகங்களுக்கு இடையிலுள்ள எல்லைகளில் ஷ்ரைபர்சைட்டு என்ற இரும்பு-நிக்கல் பாஸ்பைடு படிந்திருக்கிறது. அது எளிதில் நொறுங்குவது. ஆகவே இவ்விரும்பு, வெளியே உறுதியாகத் தோன்றினாலும் உள்ளே ஆயிரம் பலவீன வரம்புகளைக் கொண்டது. காற்றின் அழுத்தம் ஏறியபோது உடல் இவ்வளவு எண்ணற்ற துண்டுகளாக உடைந்ததற்கு இதுவே தலையாய காரணம். துண்டுகள் பலவற்றில் ஏறத்தாழத் தட்டையான முகங்கள் ஒன்றையொன்று கோணத்தில் சந்திப்பதும் இதன் விளைவே.

கண்கூடு வீழ்வுகளால் இவ்வகக்கட்டின் அறிவும் வளர்ந்தது என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும். 1808இல் வியன்னாவில் விட்மன்ஸ்டேட்டன் தம் பெயரால் இன்று வழங்கும் பின்னற்கோலத்தைக் கண்டது ஹ்ரஷ்சினா இரும்பில். காமசைட்டில் அதிர்ச்சியால் தோன்றும் நுண்வரிகளை நாய்மன் 1848இல் விவரித்தது, முந்திய ஆண்டு விழுந்த பிரவுனாவ் இரும்பில்.

4. பறப்பின் கட்டங்கள்

முதற்கட்டம் வெப்பமேற்றம். சிகோத்தே-அலீன் உடல் நொடிக்குச் சுமார் 14 கிலோமீட்டர் வேகத்தில், கிடைமட்டத்துக்கு ஏறக்குறைய 40 பாகைச் சாய்வில் காற்றுமண்டலத்துள் நுழைந்தது. அவ்வேகத்தில் முன்னே உள்ள காற்று விலகி வழிவிட நேரமில்லை. அழுந்திக் கொதிநிலை அடைகிறது. உலோகத்தின் மேற்பரப்பு உருகத் தொடங்குகிறது.

இரண்டாம் கட்டம் உருகுதேய்வு. உருகிய படலத்தைக் காற்றோட்டம் வாரி எறிய, அடியிலுள்ள புதிய உலோகம் வெளிப்பட்டு உருகுகிறது. இது தொடர்ந்து நிகழ்ந்து உடல் தேய்வதே உருகுதேய்வு. எறியப்பட்ட துளிகள் உறைந்து நுண்ணிய கோளங்களாக விழுந்தன. அவற்றை விழுந்த இடத்து மண்ணிலிருந்து காந்தத்தால் பிரித்தெடுத்திருக்கிறார்கள்.

மூன்றாம் கட்டம் உடைவு. அது ஒருமுறை நிகழ்ந்ததன்று. உயரே தொடங்கிப் படிப்படியாக நடந்தது. கடைசிப் பெரும் உடைவு தரைக்கு மேல் ஏறக்குறைய 6 கிலோமீட்டர் உயரத்தில் நிகழ்ந்தது. ஒவ்வோர் உடைவும் புதிய முகங்களைத் திறந்துவிட்டது. அவற்றின் மூப்பு அக்கணத்தில் தொடங்குகிறது. நம் வாதத்தின் அச்சாணி இங்கேதான்.

நான்காம் கட்டம் தேய்வொழிவு. காற்றின் தடையால் வேகம் நொடிக்குச் சில கிலோமீட்டர் என்ற அளவுக்கும் கீழே இறங்கியதும் ஒளி அவிகிறது, உருகல் நிற்கிறது, கடைசியாக உருகிய படலம் உறைகிறது. அதன்பின் சிறுதுண்டுகள் கைவிட்ட பொருள் போலப் புவியீர்ப்பால் மட்டும் விழுந்தன. பெருந்துண்டுகளோ தம் வேகத்தை முழுதும் இழக்காமல் தரையை இடித்துக் குழி பறித்தன. மோதல் ஐந்தாம் கட்டம்.

வெப்பம் உள்ளே எவ்வளவு செல்லும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். உயர்வெப்ப நிலையில் நிக்கலிரும்பின் வெப்பப் பரவல் எண் நொடிக்கு 0.1 சதுர சென்டிமீட்டர் எனக் கொண்டால், 4 நொடிகளில் வெப்பம் ஊடுருவும் ஆழம், அவ்விரண்டின் பெருக்கலுக்கு வர்க்கமூலம் காண, சற்றேறக்குறைய 6 மில்லிமீட்டர். உருகிய மேற்பரப்பே தொடர்ந்து அகற்றப்படுவதால் உண்மையில் எஞ்சும் வெப்ப விளிம்பு இதனினும் மெல்லியது. மேலே 1,500 பாகையில் உலோகம் ஒழுகிக்கொண்டிருக்க, இரண்டு விரற்கடை உள்ளே விண்வெளியின் குளிர் அப்படியே இருந்தது என்பது இக்கணக்கின் பொருள்.

5. உருகுதோல்

கடைசியாக உறைந்த படலமே உருகுதோல். கல்வகை விண்வீழ்கல்லில் இது கறுத்த கண்ணாடிப் பூச்சாக அமையும். இரும்பிலோ ஆக்சிஜன் சேர்ந்த இரும்பு, மாக்னடைட், வூஸ்டைட் என்ற கனிமங்களாக, ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னத்தளவே தடித்து நிற்கிறது. இத்தனை மெல்லியதாயிருப்பதற்குக் காரணம் உருகிய இரும்பின் நீர்த்த தன்மை. பாகுபோல் ஒட்டாமல் நீர்போல் ஓடுவதால் காற்று அதை எளிதில் வழித்து எறிந்துவிடுகிறது. விழுந்த சில வாரங்களுக்குள் பனியிலிருந்து எடுக்கப்பட்ட துண்டுகளில் தோலின் நிறம் நீலம் பாய்ந்த கருஞ்சாம்பல்.

தோலில் மூன்று உறுப்புகளைப் பிரித்துக் காணலாம். ஒன்று ஒழுகுவரி: உருகிய உலோகம் காற்றின் திசையில் ஓடி உறைந்த, மயிரிழை போன்ற மேடுகள். இரண்டு துளி: வரியின் முடிவில் பிரிந்துபோகாமல் ஒட்டிக்கொண்ட உலோக மணி. மூன்று படிவு: காற்று மறைந்த பக்கத்தில் பல அடுக்காக வந்து படிந்த உருகல்; இங்கே தோல் முன்பக்கத்தைவிடப் பன்மடங்கு தடிப்பாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். இம்மூன்றனுள் ஒழுகுவரியே ஆய்வாளனுக்கு மிகவும் பயன்படுவது. துண்டு எந்தப் பக்கத்தை முன்னிட்டுப் பறந்தது என்பதை அது நேரே சொல்லிவிடுகிறது. ஒன்றின்மேல் ஒன்று குறுக்கிட்டு ஓடும் வரிகள் இருந்தால் துண்டு பறப்பில் புரண்டது என்று அறிகிறோம்.

தோலின் அடியிலுள்ளது வெப்பவிளிம்பு. துண்டை அறுத்து, மெருகிட்டு, நீர்த்த நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலைத் தடவினால் அது மங்கலான ஓரப் பட்டையாகத் தெரியும். 750 பாகை செல்சியசை ஒட்டி மேலே சென்ற காமசைட்டு வேறொரு படிக அமைப்புக்கு மாறி, உடனே குளிர்ந்ததால் பழைய ஒழுங்குக்குத் திரும்ப நேரமின்றி, ஒழுங்கற்ற நுண்மணிகளாகச் சிதைந்துவிட்டது. நாய்மன் வரிகள் உள்ளிருந்து நேராக வந்து இப்பட்டையின் ஓரத்தில் அற்றுப்போவதைப் பார்க்கலாம். வரி அற்ற அந்த இடத்தில்தான் பறப்பின் வெப்பம் தாய்க்கோளின் வரலாற்றை மேலெழுதி அழித்திருக்கிறது.

6. அரிகுழிகள்

இனி விண்ணிரும்பின் முகத்துக்கே அடையாளமான உறுப்பு. பிசைந்த மாவில் பெருவிரலை அழுத்தி எடுத்தால் விழும் தடம் போன்று, ஆழம் குறைந்த, உருண்ட அடித்தளமுடைய, கூர்முகடுகளால் ஒன்றோடொன்று பிரிக்கப்பட்ட பள்ளங்கள் அருகருகே முகம் முழுவதும் நிறைந்திருக்கும். உலக வழக்கில் ரெக்மாகிளிப்ட் எனப்படும் இவற்றை அரிகுழி என்கிறோம். வரையறையில் நான்கு கூறுகள் வேண்டும்: காற்றோட்டத்தால் அரிக்கப்பட்டிருத்தல், அகலத்தைவிட ஆழம் குறைந்திருத்தல், கூட்டமாக அமைதல், உருகுதோலால் தொடர்ச்சியாகப் போர்த்தப்பட்டிருத்தல். நான்கில் ஒன்று குறைந்தாலும் வேறு காரணம் தேட வேண்டும்.

தோற்றம் பற்றி முதலில் விலக்கத்தக்க கருத்து, இவை ஏதோ அழுத்தத்தால் அமுங்கியவை என்பது. அரிகுழியின் குறுக்கே அறுத்துப் பார்த்தால் உள்ளிருக்கும் படிக எல்லைகள் வளையாமல், குழியின் ஓரத்தில் வெட்டப்பட்டு நிற்கின்றன. அமுங்கியிருந்தால் அவை குழியோடு சேர்ந்து வளைந்திருக்கும். ஆகவே இங்கே நிகழ்ந்தது பொருள் இழப்பு.

இரண்டாவது கருத்து ஓரளவு உண்மையுடையது. ட்ராய்லைட்டு எனப்படும் இரும்புச் சல்பைடு உலோகத்துள் உருண்டைகளாகப் பதிந்திருக்கும். அது 1,190 பாகையிலேயே உருகும்; உலோகத்தோடு தொடும் இடத்தில் ஆயிரம் பாகைக்குச் சற்றுக் கீழேயே உருகல் தொடங்கிவிடும். எனவே சூழ்ந்த உலோகத்துக்கு முன்னரே உருண்டை உருகி வெளியேற, ஒரு பொந்து எஞ்சும். இவ்வகைப் பொந்துகள் பல விண்ணிரும்புகளில் மெய்யாகவே உண்டு. ஆழமும் செங்குத்தான சுவர்களும் அவற்றின் அடையாளம். ஆனால் அரிகுழிகள் எல்லாவற்றுக்கும் இதுவே காரணம் என்று கூற முடியாது. இரும்புச் சல்பைடின் எடையில் கந்தகத்தின் பங்கு 36.5 சதவீதம். சிகோத்தே-அலீனில் கந்தகம் 0.3 சதவீதம் என்றால், அனைத்தும் ட்ராய்லைட்டாக இருந்தாலும் அதன் பங்கு ஒரு சதவீதத்தைக்கூட எட்டாது. ஒரு சதவீதம்கூட இல்லாத பொருள், முகத்தின் ஒவ்வொரு விரற்கடை இடத்திலும் குழி அமைத்தது என்று கொள்வதற்கு வழியில்லை. தவிரவும், உடல் சிறுத்தால் குழியும் சிறுக்கும் என்ற உண்மையை இக்கருத்து விளக்காது. உருண்டையின் பருமன் உடலின் பருமனைப் பொறுத்ததன்று.

அந்த உண்மையே சரியான காரணத்துக்கு வழிகாட்டுகிறது. அரிகுழியின் அகலம் பொதுவாக உடலின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியிருக்கிறது. ஒரு மீட்டருக்கு அருகான துண்டில் உள்ளங்கை அகலக் குழிகள். நான்கு சென்டிமீட்டர்த் துண்டில் சில மில்லிமீட்டர்க் குழிகள். அளவு உடலைத் தழுவுகிறது என்றால், அளவைத் தீர்மானிப்பது உடலைச் சூழ்ந்தோடும் காற்றின் அமைப்பு. மேற்பரப்பையொட்டிய காற்றுப் படலம் ஒழுங்கு குலைந்து சுழிகளாகப் பிரிகிறது. சுழி அமர்ந்த இடத்தில் வெப்பம் மிகுந்து உலோகம் விரைந்து தேய்கிறது. தொடக்கத்தில் தோன்றிய சிறு பள்ளமே அடுத்த சுழிக்கு இருக்கையாகி, காற்று முன்விளிம்பில் பிரிந்து பின்விளிம்பில் மீண்டும் தொடுவதால், பள்ளம் தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது. அருகருகே வளரும் இரு பள்ளங்கள் சந்திக்குமிடத்தில் கூர்முகடு எஞ்சுகிறது. விண்வெளியிலிருந்து திரும்பும் கலங்களுக்கான மூக்குக்கூம்புகளைச் சோதித்தபோது, தேயும் காப்புப் பொருளின் மேலும் ஒழுங்கான வரித்தடங்களும் குழித்தடங்களும் உண்டாயின. அங்கே ட்ராய்லைட்டும் இல்லை, பாஸ்பைடும் இல்லை. காற்று மட்டுமே காரணம்.

உலோகத்தின் உட்கூறுகளுக்குப் பங்கே இல்லையா? உண்டு, ஆனால் தொடக்கி வைப்பவையாக மட்டும். ஷ்ரைபர்சைட்டு எல்லை ஒன்று முதலில் உருகி ஒரு கீறலைத் திறக்கலாம். எங்கே முதற்பள்ளம் விழுவது என்பதை அது முடிவு செய்யலாம். எவ்வளவு பெரிதாக வளர்வது என்பதைக் காற்றே முடிவு செய்கிறது. தொடக்கக் காரணம், அளவுக் காரணம் என்று இவ்விரண்டையும் பிரித்து வைத்தால், இத்துறையின் நெடுநாள் விவாதம் பெரும்பாலும் தீர்ந்துபோகிறது என்பது எம் துணிபு.

அரிகுழியின் அடியில் வெப்பவிளிம்பு மெலிந்தும், முகடுகளின் அடியில் தடித்தும் இருப்பது இதற்குத் துணைச்சான்று. முகட்டுக்கு இருபுறமிருந்தும் வெப்பம் ஏறுகிறது; குழியின் நடுவில் தேய்வு விரைவாக நடப்பதால் வெப்பமேறிய உலோகமே உடனுக்குடன் அகன்றுவிடுகிறது.

7. திசைகொண்ட துண்டுகள்

புரளாமல் ஒரே முகத்தை முன்னிட்டுப் பறந்த துண்டைத் திசைகொண்ட துண்டு என்போம். இதன் முன்முகம் கேடயம் போலவோ மழுங்கிய கூம்பு போலவோ குவிந்திருக்கும். நுனியில் அரிகுழி அழிந்து வழவழப்பாகி, நுனியிலிருந்து விளிம்பு நோக்கிக் குழிகள் நீண்டு ஆரை வரிகளாக விரியும். விளிம்பில், பின்னோக்கி ஓடிய உருகல் பின்முகத்தின் மேல் மடிந்து உறைந்திருக்கும், அது மடிவிளிம்பு. பின்முகம் பெரும்பாலும் தட்டையானது, அகன்ற ஆழமற்ற குழிகளையும் தடித்த படிவையும் கொண்டது. கேபின் கிரீக்கில் விழுந்த சுமார் 48 கிலோ இரும்பு இவ்வகைக்கு இலக்கணமாகத் தக்கது. வியன்னாவின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அதன் இருமுகங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்க்கு இப்பத்தி தேவையே இல்லை. சிகோத்தே-அலீனில் முழுமையாகத் திசைகொண்டவை சிறுபான்மை. பெரும்பாலானவை பறப்பின் ஒரு பகுதியில் நிலைத்தும் ஒரு பகுதியில் புரண்டும் வந்தவை.

8. முகங்களின் மூப்பு

இப்போது மேற்கூறிய உறுப்புகளைக் கொண்டு மூப்பை வகுக்கலாம். தனித்துண்டு ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்புவோம். நான்கு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள துண்டே கால்கிலோவை எட்டும். அக்கனமே இரும்பென்று சொல்லும். ஒரு பக்கத்தில் அரிகுழிகள் நன்கு வளர்ந்து, முகடுகள் ஒருசீராக மழுங்கி, தோல் நெருங்கிப் படர்ந்திருக்கும். இதை முதன்முகம் என்போம். உயரத்தில் நடந்த தொடக்க உடைவுகளிலோ அதற்கும் முன்போ வெளிப்பட்டு, உருகுதேய்வின் முழு நேரத்தையும் கண்ட முகம் இது.

துண்டைத் திருப்பினால் வேறொரு பக்கம். இங்கே பள்ளங்கள் உண்டு, ஆனால் அவை அரைகுறையானவை. ஆழம் போதாமல், எல்லை தெளியாமல், இடையிடையே உடைவின் மேடுபள்ளங்கள் கரைந்த நிலையில் தென்படும். இது இடைமுகம். இடைப்பட்ட உடைவொன்றில் திறந்து, தேய்வின் பிற்பகுதியை மட்டும் கண்டது. மூன்றாவது வகையில் அரிகுழியே இராது. படிக எல்லையோடு பிளந்த சொரசொரப்பான பரப்பு தன் கோணங்களை இழக்காமலே மெல்லிய தோலைப் போர்த்திருக்கும். சில இடங்களில் அடியிலுள்ள பிளவுத்தளம் தோலின் ஊடே தெரியும். இது கடைமுகம். ஏறக்குறைய 6 கிலோமீட்டர் உயரத்தில் நடந்த கடைசிப் பெரும் உடைவில் பிறந்து, உருகலின் இறுதிக் கணங்களை மட்டும் அறிந்தது.

இம்மூன்றும் வெவ்வேறு துண்டுகளின் பண்புகளாக இருந்திருந்தால், பொருள் வேறுபாட்டால் வந்தவை என்று ஐயுறலாம். ஒரே துண்டில், ஒரே படிகத்தின் இரு பக்கங்களில் அவை அமைவதால் அந்த ஐயத்துக்கு இடமில்லை. பொருள் ஒன்று, காற்றும் ஒன்று, வேறுபட்டது காலம் மட்டுமே.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். திசைகொண்ட துண்டில் முன்முகமும் பின்முகமும் ஒரே மூப்புடையனவாக இருந்தும் வேறுபட்டுத் தோன்றும். ஆகவே முகத்தின் மூப்பைக் கூறுமுன் ஒழுகுவரியைக் கொண்டு திசையை முடிவு செய்தல் இன்றியமையாதது. திசையால் வந்த வேறுபாட்டில் மடிவிளிம்பும் தடித்த படிவும் உடனிருக்கும். மூப்பால் வந்த வேறுபாட்டில் அவை இரா, இரு முகங்களுக்கிடையே கூரிய கோணம் நிற்கும்.

சில துண்டுகளில் இன்னொரு குறியும் உண்டு. அரிகுழிகளின் மேல், அவற்றின் ஒழுங்கைப் பொருட்படுத்தாமல், வட்டமான தனிக்குழி ஒன்று விழுந்து, அதன் விளிம்பு மேலெழும்பி உதடு போல் நிற்கும். இது மோதுகுழி: உடைவுக்குப் பின் ஒன்றாகப் பறந்த துண்டுகளுள் சிறியதொன்று பெரியதில் பாய்ந்த வடு. இங்கே அடியிலுள்ள உலோகம் உண்மையாகவே அமுங்கி வளைந்திருக்கும்; அரிகுழிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அறுத்த முகத்தில் தெளிவாகும். குழியின் உள்ளே தோல் படர்ந்திருந்தால் மோதல் உருகல் நிற்பதற்கு முன் நடந்தது. வெற்று உலோகம் தெரிந்தால் அதற்குப் பின்.

9. கிழிசில்கள்

வேகம் குறையாமல் தரையை இடித்த பெருந்துண்டுகள் குழிகளுக்குள் சிதறின. அவற்றிலிருந்து பிறந்த கிழிசில்லுக்கு உருகுதோல் இல்லை, அரிகுழி இல்லை, முறுக்கேறிய, கூரிய ஓரங்கொண்ட, கிழித்த தகடு போன்ற உருவம். அறுத்துப் பார்த்தால் காமசைட்டுப் பட்டைகள் வளைந்து, வெட்டுத்தளங்களின் நெடுக உலோகம் இழுபட்டிருக்கும். சில்லுகள் மரங்களின் உள்ளும் பாய்ந்து பதிந்தன. அரிதாக, ஒரு பக்கம் அரிகுழியும் மறுபக்கம் கிழிவுமாக அமைந்த சில்லு கிடைக்கும். பெருந்துண்டின் மேற்பரப்பிலிருந்து கிழிந்தது அது. நம் வரிசையில் முதன்முகத்தையும், தரை மோதலில் கிழிந்து பிறந்த மோதல்முகத்தையும் ஒருங்கே தாங்கி, நடுவிலுள்ள இரண்டையும் தாண்டிச் செல்லும் இவ்வகைச் சில்லே வகுப்பைச் சோதிக்க மிகச் சிறந்த பொருள்.

மோதலின் குறி சிறு வீழ்விலும் காணத்தக்கது. 2020 நவம்பர் 7 அன்று ஸ்வீடனின் உப்லாந்துப் பகுதியில் தீக்கோளமாகத் தோன்றிய இரும்பின் 13.8 கிலோத் துண்டு, பாறையொன்றில் பட்டுத் தெறித்து அப்பால் கிடந்தது. பறப்பில் உருண்ட மற்ற முகங்களிடையே ஒரு பக்கம் மட்டும் தட்டையாகிப் பிளவோடியிருந்தது.

10. தரையில் கிடந்த பின்

மோதலோடு புறமுகத்தின் வரலாறு முடிவதில்லை. அழிவின் வரலாறு தொடங்குகிறது. மண்ணிலுள்ள குளோரைடு உப்பு ஈரத்தோடு சேர்ந்து ஷ்ரைபர்சைட்டு எல்லைகளின் வழியே நுழைந்து, அகாகனைட்டு என்ற துருக் கனிமத்தை உண்டாக்குகிறது. அது பருத்து எல்லையைப் பிளக்க, தோல் செதிலாக உதிர்கிறது. 1947இன் பனியிலிருந்து எடுத்தவற்றுக்கும், பல பத்தாண்டுகள் கழித்து உலோகங்காட்டிக் கருவியால் தோண்டியவற்றுக்கும் உள்ள வேறுபாடு இதனால் வந்ததே. பின்னவற்றில் பழுப்பு நிறமே மேலோங்கும்.

துருவைவிட விரைந்து அழிப்பது மனிதக் கை. சந்தைக்கு வரும் துண்டுகள் மிகப் பலவற்றைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, எண்ணெயோ மெருகோ பூசி, கருமை பளபளக்கச் செய்கிறார்கள். அரிகுழி அழகாகத் தெரிகிறது, ஒழுகுவரி போய்விடுகிறது. திசையை அறிய இருந்த முதன்மைச் சான்று தூரிகையின் கீறல்களுக்கடியில் மறைந்தபின், முதன்முகம், இடைமுகம் என்று வகுப்பதற்கு உருவம் மட்டுமே எஞ்சும், அதுவோ திசையாலும் மாறும் என்பதை முன்னரே கண்டோம். ஆகையால் கிடைத்த துண்டைத் தொடுமுன் ஆறு பக்கமும் சாய்வொளியில் படமெடுத்து, எந்தப் பக்கம் மேலாகக் கிடந்தது என்று குறித்து, உலர்ந்த மூடிய கலத்தில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைக்க வேண்டும். அறுக்கவேண்டியது வந்தால் முதன்முகமும் கடைமுகமும் சந்திக்கும் கோணத்தின் குறுக்கே அறுக்க வேண்டும். இரு முகங்களின் வெப்பவிளிம்பையும் ஒரே வெட்டில் அருகருகே அளக்க வாய்ப்பது அந்த ஓரிடத்தில் மட்டுமே.